ஒத்தும் ஒரு மூச்சும்

நுழையும்முன்

திருமணம் என்றதும் மேள ஓசை நம் செவிகளில் ஒலிக்கிறது. அந்த இசையைத் தேர்பவர் யார்? அதில் மணமக்களுக்கும் அவர்களை வளர்த்த ஊருக்கும் பங்கு உண்டா? கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் நடந்த ஒரு திருமணத்தின் வழியாக இக்கேள்விகளை எண்ணிப் பார்ப்போம்.

சுரங்கத்தால் அமைந்த ஊர்

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கோலார் தங்கவயல் உள்ளது. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே பணியைத் தொடங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க், பாலகாட் ஆகிய சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் பெற்றன. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி அங்கே சென்றன. 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை அமைந்தது. சுரங்கங்களின் பெயர்களே அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளுக்கும் வழங்கலாயின. மைசூர் சுரங்கத்தைச் சார்ந்த பகுதியை மக்கள் இன்றும் ‘மைசூர் மைன்ஸ்’ என்றே அழைக்கின்றனர்.

தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு ‘லைன்’ என்று பெயர். ஒரு சுவருக்கு இப்புறமும் அப்புறமும் இரண்டு குடும்பங்கள் வாழும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் அடுத்த வீட்டில் தாலாட்டுப் பாடுவார்கள் என்று முதியோர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அத்தகைய சிறு வீட்டில் திருமணம் நடத்த இடம் ஏது? எனவே தெருவே மண்டபமாயிற்று. இரு வரிசை வீடுகளுக்கும் நடுவே பந்தல் எழும். ஒரு வீட்டில் அரிசி களைவார்கள். மற்றொரு வீட்டில் காய் நறுக்குவார்கள். மூன்றாம் வீட்டில் மணமகளுக்குப் பூச்சூட்டுவார்கள்.

அவ்வூரின் பொழுதைப் பகுத்தது சங்கொலி. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலைமுறை மாறுவதை அறிவிக்கும் ஊதொலியைத் தமிழர் ‘சங்கு’ என்பர். இரவு வேலை முடித்துக் கரையேறியவர்கள் முகம் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு நேரே முகூர்த்தத்திற்கு வந்து நிற்பார்கள். பிற்பகல் வேலைக்குச் செல்வோர் முதற்பந்தியில் உண்டு விடைபெறுவார்கள். திருமணமே ஆயினும் சங்கு காத்திருக்காது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். நூற்றிருபது ஆண்டுகளில் அம்மண்ணிலிருந்து 800 டன்னுக்குக் குறையாத தங்கம் எடுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கொலி நின்றது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கை தொடங்கியது. தங்கம் பிரித்தபின் எஞ்சிய மண் குன்றுகளாகக் குவிந்து, ‘சயனைடு மலை’ என்னும் பெயருடன் இன்றும் நிற்கிறது.

மூன்று வகை இசை

குடியேறிய மக்கள் தம் இசையையும் உடன் கொண்டுவந்தனர். மங்கல நிகழ்வுகளில் நாகசுரமும் தவிலும் முழங்கின. ஆச்சா மரத்தில் கடைந்த நாகசுரத்தின் ஒலி, ஒலிபெருக்கி இல்லாமலே நெடுந்தொலைவு செல்லும். அதனுடன் ‘ஒத்து’ என்னும் கருவியும் இடம்பெறும். தோற்றத்தில் நாகசுரத்தை ஒத்த இக்கருவி, பாட்டு எதனையும் இசைக்காது. ஒரே சுருதியை இடைவிடாது ஒலிக்கும். ஒத்து ஊதுபவர் கன்னங்களில் காற்றைத் தேக்கி வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளிழுப்பார். ஆகவே ஒலி அறுபடுவதில்லை. பிறர் சொல்வதையெல்லாம் ஆமோதிப்பவரை ‘ஒத்து ஊதுகிறார்’ என்று கேலி செய்கிறோம். உண்மையில் ஒத்து ஊதுவது எளிய செயலன்று.

இரண்டாவது, பேண்டு வாத்தியம். ஆங்கிலேய அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியரும் வாழ்ந்த தங்கவயலுக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்றொரு பெயர் இருந்தது. மேலைநாட்டுக் கருவிகள் மெல்லத் தமிழ் இளைஞர்களின் கைகளுக்கும் வந்தன. கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம் ஆகியவற்றைக் கொண்ட பேண்டு செட் மாப்பிள்ளை அழைப்புக்கு முன் நடந்தது. மேலைநாட்டிலிருந்து வந்த கிளாரினெட் நம் இசைக்கு அயலாக நின்றுவிடவில்லை. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன் அதில் கருநாடக இசையை முழுமையாக வாசித்துக் கச்சேரி மேடையில் உயர்ந்த இடத்தைப் பெற்றார்.

மூன்றாவது, கருவியில்லா இசை. நலங்கு வைக்கும்போதும் ஆரத்தி எடுக்கும்போதும் பெண்கள் பாடும் பாட்டு அது. மாப்பிள்ளையைக் கேலி செய்யும் அடிகளை அவரவர் அப்பொழுதே புனைந்து சேர்ப்பர்.

திருமணத்தைத் தம் எண்ணத்திற்கு ஏற்ப அமைத்துக்கொள்வதும் அவ்வூருக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதரின் கருத்துகள் தங்கவயலில் வேரூன்றின. அங்கு அமைந்த பௌத்த சங்கங்கள் திருமணம் முதலிய வாழ்க்கைச் சடங்குகளைத் தம் நெறிப்படி நடத்தின. பிற்காலத்தில் தமிழகத்தில் பரவிய சுயமரியாதைத் திருமணம், மணமக்கள் கூறும் உறுதிமொழியையே மணவினையின் நடுவாக வைத்தது. 1967இல் அறிஞர் அண்ணா தலைமையிலான அரசு அதற்குத் தமிழ்நாட்டில் சட்ட ஏற்பு அளித்தது. சடங்கு எதுவாயினும் மணமக்களின் மனம் அதில் இருக்கவேண்டும் என்பதே இம்முயற்சிகளின் உட்பொருள்.

தாத்தாவின் மறுப்பு

சுரங்கம் மூடிச் சில ஆண்டுகள் சென்றபின், மைசூர் மைன்ஸ் லைன் ஒன்றில் ஒரு திருமணம் உறுதியாயிற்று. மணமகனும் மணமகளும் அடுத்தடுத்த லைன்களில் வளர்ந்தவர்கள். இருவரும் மாரிக்குப்பத்தில் ஒரே இரயிலில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவர்கள். ஞாயிறன்றுதான் ஊரார் அனைவரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் ஒன்றைப் பெரியோர் தேடிக் குறித்தனர். நகரத்து மண்டபம் வேண்டாம், லைனிலேயே பந்தல் போடலாம் என்று மணமக்கள் கேட்டுக்கொண்டனர். அதுவரை எவ்விதச் சிக்கலும் இல்லை.

இசையைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது கருத்து வேறுபாடு தோன்றியது. ஆம்பூரிலிருந்து வந்திருந்த மணமகளின் தாய்மாமன், “நாகசுரம் இல்லாத கல்யாணம் கல்யாணமா?” என்றார். மணமகனின் நண்பர்கள் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்துத் திரைப்பாடல் ஒலிக்கவேண்டும் என்றனர். மணமகன் சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்னர், “தாலி கட்டும்போது எங்கள் தாத்தா கிளாரினெட் வாசிக்கவேண்டும்” என்றான்.

வீடு அமைதியாயிற்று.

அவனுடைய தாத்தா மைசூர் சுரங்கத்தில் பாறையைத் துளையிடும் பணியில் பல்லாண்டுகள் உழைத்தவர். ஓய்வு நாள்களில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். அந்த லைன்களில் அவர் வாசிக்காத திருமணம் அரிது. ஆனால் தங்கம் புதைந்திருந்தது வெண்கல் எனப்படும் குவார்ட்சுப் பாறையில். அதைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் சென்று தங்கிவிடும். அங்கே தழும்புகள் தோன்றி நுரையீரல் விரியும் ஆற்றலை இழக்கும். சிலிக்கோசிஸ் என்னும் இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. தாத்தா தெருமுனை வரை நடப்பதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குவார். கிளாரினெட் பெட்டி பரணில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

“என்னால் ஊத முடியாது, கண்ணு. ஒரு வரியை முடிக்க மூச்சு வராது. தாலி ஏறும் நேரத்தில் பாட்டு பாதியில் நின்றால் நன்றாகவா இருக்கும்?” என்றார் தாத்தா.

தாய்மாமனும் தயங்கினார். “பெரியவர் மேல் எனக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் மங்கல வேளையில் இசை அறுபடக்கூடாது. நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட ஊர் அதைத்தான் சொல்லும்” என்றார். அவருடைய அச்சம் தம் மருமகள் மீது கொண்ட அன்பிலிருந்து எழுந்தது. எனவே யாரும் அவரைக் குறைகூறவில்லை.

அளவெடுத்த பாட்டு

அடுத்த ஞாயிறு மணமகள் தாத்தாவின் வீட்டிற்கு வந்தாள். சிறுவயதில் பாட்டு வகுப்புக்குச் சென்று சில ஆண்டுகள் இசை கற்றவள் அவள். பரணிலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்தாள். “வாசிக்கவேண்டாம், தாத்தா. ஒரே ஒரு சுரத்தை மட்டும் ஊதிக் காட்டுங்கள்” என்றாள். தாத்தா ஊதினார். அவள் தொடையில் தாளம் போட்டு எண்ணினாள். நான்கு எண்ணுவதற்குள் ஒலி தேய்ந்தது. மீண்டும் ஊதச் சொன்னாள். மீண்டும் நான்கு.

“போதும், தாத்தா. நான்கு இருக்கிறது” என்றாள்.

அவள் தன் குறிப்பேட்டில் மோகன இராகத்தில் ஒரு சிறு பாட்டை அமைத்தாள். ச, ரி, க, ப, த என்னும் ஐந்தே சுரங்களைக் கொண்ட இராகம் அது. பாட்டின் ஒவ்வொரு துண்டும் நான்கு எண்ணிக்கைக்குள் முடிந்தது. அடுத்த நான்கு எண்ணிக்கை மூச்சு வாங்குவதற்காக வெறுமையாக விடப்பட்டது. அத்தகைய எட்டுத் துண்டுகள். உடைக்கு அளவெடுப்பதுபோல், ஒரு முதியவரின் மூச்சுக்கு அளவெடுத்து அவள் பாட்டைத் தைத்திருந்தாள்.

ஆயினும் தாய்மாமனின் ஐயம் தீரவில்லை. துண்டுகளுக்கு இடையே வரும் வெறுமையை என்ன செய்வது? அதற்கு விடை கூறியவர் நாகசுரக் கலைஞர். குடியாத்தத்திலிருந்து முன்பணம் வாங்க வந்திருந்த அவர் செய்தியைக் கேட்டுச் சிரித்தார். “ஒத்து எதற்கு இருக்கிறது? இப்போதெல்லாம் சுருதிப் பெட்டி வைத்துக்கொள்கிறோம். உங்கள் கல்யாணத்திற்கு என் தம்பியை ஒத்தோடு அழைத்து வருகிறேன். பெரியவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தட்டும். சுருதி நிற்காது” என்றார். மேலும், நாகசுரத்தின் பேரொலிக்கு முன் கிளாரினெட் கேட்காது என்பதால், அந்தப் பாட்டு முடியும்வரை தம் நாகசுரத்தைக் கீழே வைப்பதாகவும் அவரே முன்வந்து கூறினார்.

நண்பர்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. மணநாள் மாலை முழுவதும் அவர்களுடையது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்துவதை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. எனவே 10 மணிக்கு முன்பே ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அவர்கள் உறுதியளித்தனர்.

மணநாள்

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை அழைப்பு நடந்தது. பழைய பேண்டு செட்டில் எஞ்சியிருந்த ஐவர், பொத்தான் உதிர்ந்த சிவப்புச் சட்டைகளை அணிந்து முன்னே நடந்தனர். ஊர்வலம் லைன்களைச் சுற்றி, துருப்பிடித்து நிற்கும் சுரங்கக் கோபுரத்தின் அருகே வந்தது. அங்கே யாரும் சொல்லாமலே வாத்தியங்கள் நின்றன. முன்னாள் தொழிலாளர்கள் செருப்பைக் கழற்றிக் கைகூப்பினர். அவர்களுடன் இறங்கித் திரும்பாதவர்களும் உண்டு. பிறகு பெரிய டிரம் ஒருமுறை அதிர்ந்தது, ஊர்வலம் நகர்ந்தது. இரவு நெடுநேரம் பெண்கள் நலங்குப் பாட்டுப் பாடினர். மாப்பிள்ளை இரயிலில் உறங்கிப் பங்காருப்பேட்டையைத் தவறவிட்ட கதையும் பாட்டில் ஏறியது.

ஞாயிறு காலை, சயனைடு மலையின் மேல் வெயில் படர்ந்தபோது பந்தல் நிரம்பியது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி உறவினர்கள் வந்து சேர்ந்தனர். நாகசுரம் முழங்க மணமக்கள் மணையில் அமர்ந்தனர். மணமகனும் மணமகளும் எழுந்து ஒவ்வோர் உறுதிமொழி கூறினர். “இரு வீட்டுப் பெரியோரையும் என் பெற்றோராகக் காப்பேன்” என்றான் அவன். “எங்கே பிழைக்கச் சென்றாலும் இந்த லைனை மறக்கமாட்டேன்” என்றாள் அவள்.

நாகசுரக் கலைஞர் தம் கருவியைக் கீழே வைத்தார். ஒத்து மட்டும் ஒலித்தது. தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து கிளாரினெட்டை உதட்டில் பொருத்தினார். முதல் துண்டு வந்தது, நான்கு எண்ணிக்கை, நின்றது. ஒத்தின் சுருதி அந்த இடைவெளியைத் தாங்கி நின்றது. இரண்டாம் துண்டு. மூன்றாம் துண்டு. தவில் கலைஞர் விரல் நுனியால் மட்டும் தாளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். பந்தலில் பேச்சு அடங்கியது. வயதான பெண்கள் சிலர் தம் திருமண நாளில் கேட்ட கிளாரினெட்டை அதில் கேட்டிருக்கக்கூடும். அவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

ஆறு துண்டுகள் முடிந்தன. ஏழாவதில் இரண்டு சுரங்கள் ஒலித்ததும் தாத்தாவுக்கு இருமல் வந்தது. கிளாரினெட் உதட்டைவிட்டு இறங்கியது. கெட்டிமேளத்திற்குச் சைகை காட்டும் பொறுப்புத் தாய்மாமனுடையது. அவர் கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது. விரலை அசைத்தால் போதும்; தவில் முழங்கும்; இருமல் யாருக்கும் கேட்காது. தாலி கட்டும்போது வேண்டாத ஓசை எதுவும் செவியில் விழக்கூடாது என்பதற்காகவே கெட்டிமேளம் கொட்டுகிறார்கள் என்பர்.

தாய்மாமன் விரலை அசைக்கவில்லை. உயர்த்திய கையை அப்படியே நிறுத்தித் தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலியைக் கையிலேந்திய மணமகனும் காத்திருந்தான். ஒத்து அறுபடாமல் ஒலித்தது. நான்கு எண்ணிக்கை கடந்தது, எட்டும் கடந்தது. தாத்தாவின் பேத்தி ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்து, மெதுவாக மூச்சை இழுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஏழாம் துண்டு நிறைந்தது. எட்டாம் துண்டில் மூன்றே சுரங்கள். கடைசிச் சுரம் ஒத்தின் சுருதியோடு கலந்து எது எதுவென்று பிரித்தறிய முடியாமல் நின்றது.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று தாய்மாமன் குரல் கொடுத்தார். நாகசுரமும் தவிலும் பேண்டு செட்டின் டிரம்மும் ஒருங்கே முழங்கின. பூவும் அரிசியும் பொழிந்தன.

மாலையில் இளைஞர்கள் திரைப்பாடலுக்கு ஆடினர். தாய்மாமன் தாத்தாவின் அருகில் அமர்ந்து காப்பிக் குவளையை நீட்டினார். “பயந்துபோனீர்களா?” என்று கேட்டார் தாத்தா. “பயந்தேன். அந்த ஒத்து ஒலித்துக்கொண்டே இருந்ததால் காத்திருக்க முடிந்தது” என்றார் அவர். தாத்தா கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அதன் பிறகு அப்பெட்டி பரணுக்கு ஏறவில்லை. கட்டிலுக்கு அருகிலேயே இருந்தது.

இசையில் பாடுபவருக்குக் கிடைக்கும் புகழ் சுருதி தருபவருக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் ஒருவர் மூச்சு தளரும்போது அவருடைய பாட்டை விழாமல் தாங்குவது சுருதிதான். வாழ்விலும் அவ்வாறே. இருவர் இணைந்து வாழ்வது என்பது ஒருவர் மூச்சு வாங்கும்வரை மற்றவர் சுருதி விடாமல் நிற்பதாகும். அன்று அந்தப் பந்தலில் மணமக்கள் அதைத் தம் முன்னோரிடமிருந்தே கற்றனர்.

அருஞ்சொற்பொருள்

ஒத்து – நாகசுரத்திற்குச் சுருதி தரும் குழற்கருவி
பரண் – பொருள்களை வைக்க மேலே அமைத்த தட்டு
மணை – அமர்வதற்குரிய பலகை
மிடறு – ஒருமுறை விழுங்கும் அளவு
ஆமோதித்தல் – ஒப்புக்கொள்ளுதல்

பயிற்சி

1. மைசூர் மைன்ஸ் மக்கள் தெருவில் பந்தலிட்டுத் திருமணம் நடத்தியதன் காரணம் யாது?
2. ஒத்தின் ஒலி அறுபடாமல் ஒலிப்பது எவ்வாறு? விளக்குக.
3. தாத்தாவின் மூச்சுக்கு ஏற்ப மணமகள் பாட்டை அமைத்த முறையை எழுதுக.
4. தாய்மாமன் கெட்டிமேளத்திற்குச் சைகை காட்டாமல் காத்திருந்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. ‘ஒத்து ஊதுதல்’ என்னும் தொடர் வழக்கில் உணர்த்தும் பொருளையும் இப்பாடத்தில் பெறும் பொருளையும் ஒப்பிடுக.
6. உம் வீட்டுப் பெரியோரிடம் அவர்தம் திருமண நாளில் ஒலித்த இசையைப் பற்றிக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதி வருக.